அக்காவின் போட்டோ முகம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால், அக்கா எனக்கு முந்திக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல மனுசன் தோலை இழுத்துப் பாக்குற வேலை" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தோலை இழுத்துப் பார்ப்பதற்கு ஒருத்திக்குச் சம்பளமா என்கிற யோசனை அவர்கள் முகத்தில் ஓடும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அக்கா சொன்னதில் தப்பு எதுவும் கிடையாது, நான் செய்வது அதுதான்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமாக்காரர்கள் மூக்கைச் சீர்செய்துகொள்வதைத்தான் பலரும் நினைப்பார்கள். தீக்காயம், விபத்து, கட்டி எடுத்த பள்ளம் இவற்றை மூடுவதும் அந்த டாக்டர்கள்தான். பள்ளத்தை மூடுவதற்குப் பக்கத்துத் தோலை அறுத்துத் திருப்பிக் கொண்டுவந்து தைப்பார்கள். அப்படி இழுத்துத் தைக்கும்போது கூடவே வேறு என்னவெல்லாம் நகரும்? உதடு கோணுமா, மூக்கின் ஓரம் தூக்குமா, கண்ணின் கீழ் இமை இறங்குமா? கத்தி வைப்பதற்கு முன்பே திரையில் அறுத்து, திரையிலேயே தைத்துப் பார்த்துவிடலாம் என்பதற்காகச் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நாங்கள் எழுதி வருவதுதான் என் புரோகிராம். என் புரோகிராம் என்று நான் மட்டும்தான் சொல்வேன், கூட வேலை செய்பவர்கள் நம் புரோகிராம் என்பார்கள்.

தோல் லேசுப்பட்ட பொருள் இல்லை. அது உடம்பின் மேல் சும்மா போர்த்திக் கிடப்பதில்லை, எப்போதும் கொஞ்சம் இழுபட்டேதான் இருக்கிறது. அதனால்தான் கத்தி பட்டதும் காயம் வாய் பிளக்கிறது. ஒரு பக்கமாக இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், அதற்குக் குறுக்கே இழுத்தால் முரண்டு பிடிக்கும். கொஞ்ச தூரம்வரை சாதுவாகக் கூடவே வந்துவிட்டு, ஒரு கட்டத்தில் சட்டென்று இறுகி, இனி வரமாட்டேன் என்று நின்றுவிடும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருக்கிற குணம் அப்படியே தோலுக்கும் இருந்ததாலோ என்னவோ, எனக்கு இந்த வேலை முதல் நாளே பிடித்துப்போனது.

அந்தக் குணம் அதிகமாக இருப்பது அக்காவிடம். மரக்காணம் உப்பளத்தில் அவளுக்கு வேலை. விடியும் முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் பாத்திகளில் விளைந்த உப்பை வாரிக் கரையில் குவித்துவிட வேண்டும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, துண்டின் மேல் கூடை. அவள் வயதுப் பெண்கள் பலர் ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். "அங்க போயி எவன் எவனுக்கோ பெட்ஷீட் மாத்தணும். இங்க நான் ராணி" என்று இவள் மட்டும் போக மறுத்துவிட்டாள். ராணி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கூட வேலை செய்யும் பெண்களை அவள் அதட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும்.

ஒரு நாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒன்றைப் பார்த்தேன். "அது ரொம்ப நாளா இருக்குதுடி. உப்புத் தண்ணி பட்டு ஆறாம இருக்குது. தொடைச்சா லேசா ரத்தம் வருது, அவ்ளோதான்" என்றாள். அவ்ளோதானாம்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். மறுநாளே பஸ் பிடித்து வந்து அவளைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் புரோகிராமைச் சோதித்துப் பார்க்க உதவி செய்கிற பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் அங்கே ஒரு மருத்துவமனையில் இருந்தார். அதிகம் பேசாத அம்மா. சதை எடுத்துச் சோதித்து, முடிவு வந்ததும் அக்காவிடமே நேராகச் சொன்னார்.

"இது உடம்பு பூரா பரவுற வகை இல்லம்மா. ஆனா விட்டு வச்சா அங்கயே தோண்டிக்கிட்டே போகும். கண்ணுக்கு இவ்ளோ பக்கத்துல இருக்குது. சீக்கிரம் எடுத்துடணும்."

"எடுத்துட்டா கண்ணு நல்லா மூடுமா டாக்டரம்மா?" என்று அக்கா கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கூனிமேடு பஸ் ஸ்டாப்பில் பழம் விற்கும் ஒருவருக்குச் சின்ன வயதில் பட்டாசு வெடித்து, தழும்பு இழுத்துக் கீழ் இமை இறங்கிவிட்டது. கண் மூடாது, சதா நீர் வழியும். கையில் கைக்குட்டை இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. நிழலில் உட்கார்ந்து பழம் விற்பவருக்கே அந்தப் பாடு. வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தும் உப்பளத்தில், உப்புக் காற்றில், மூடாத கண்ணோடு ஒரு நாள்கூட நிற்க முடியாது. கட்டியை எடுத்த பள்ளத்தை மூடும்போது இமை இறங்கினால் அக்காவுக்கு வேலை போய்விடும். வேலை போன அக்காவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அதைத்தான் உங்க தங்கச்சி கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லப் போறாங்க" என்றார் டாக்டர்.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தால் என்று சொன்னால் பொய். சந்தோஷம்! அதுவரை என் புரோகிராம் பன்றித் தோலையும், நம்பர் மட்டும் போட்ட யார் யாருடைய முகங்களையோதான் அறுத்துத் தைத்திருந்தது. முதல் தடவையாக எங்கள் வீட்டு முகம். கண்ணுக்குக் கண்ணான அக்காவின் கண்ணை நானே கணக்குப் போட்டுக் காப்பாற்றப் போகிறேன் என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

முகத்தை அளக்கும் நாளன்று அக்கா பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். தலை நிறைய மல்லி, முகம் நிறைய பவுடர்.

"என்னக்கா, கல்யாணத்துக்கா வந்த?"

"போட்டோ மாதிரிதான் எடுப்பாங்கன்னு நீதானடி சொன்ன?"

பவுடரால் கெடுதல் இல்லை. பளபளக்காத முகத்தைத்தான் ஸ்கேனர் நன்றாகப் பிடிக்கும். அதைக் கையில் பிடித்து அவளைச் சுற்றி வந்ததும் முகத்தின் மேடு பள்ளம் அத்தனையும் திரைக்கு வந்துவிட்டது. அடுத்து, தோலை லேசாக உறிஞ்சி அது எவ்வளவு எழும்புகிறது என்று அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் கன்னத்தில் வைத்தோம். அக்கா மூச்சுக்கூட விடாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்த அளவுக்கு ஒத்துழைக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

திரையில் அவள் முகத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கமாகப் படர்ந்தன. ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் முறை. அக்கா தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! என் மூஞ்சில உப்பளம் போட்டு வச்சிருக்கியே. பாத்தி பாத்தியா இருக்குது!"

டாக்டர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். நான் திரையில் கட்டியை அறுத்தெடுத்து, கன்னத்துத் தோலைத் திருப்பிக் கொண்டுவந்து தைத்தேன். கணக்கு ஓடியது. ஓடி முடிந்தபோது கண்ணுக்குக் கீழே ஒரே சிவப்பு. சிவப்பு என்றால் தோல் தாங்க முடியாமல் இழுபடுகிறது என்று அர்த்தம். கீழ் இமை இறங்கி, கண்ணின் உள்பக்கம் தெரிந்தது. திரையிலிருந்து அந்தப் பழக்கடைக்காரரின் கண் என்னைப் பார்த்தது. அறுக்கும் கோணத்தை மாற்றினேன், தோல் எடுக்கும் இடத்தை மாற்றினேன். எப்படி மாற்றினாலும் இமை இறங்கத்தான் செய்தது.

டாக்டர் தன் இரண்டு விரலால் அக்காவின் கன்னத்துத் தோலைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். "என் விரலுக்கு இது போதும்னு தோணுது. உங்க கணக்கு ஏன் இப்படிச் சொல்லுது?"

"ஸ்கேனரும் அதையேதான் சொல்லுது, உறிஞ்சுற கருவியும் அதையேதான் சொல்லுது மேடம். கணக்கு தப்பா வராது" என்றேன், ரோஷமாக.

"விரலும் கணக்கும் ஒத்துப் போகலன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். நெத்தியிலேர்ந்து எடுத்துடலாம்."

நெற்றியிலிருந்து தோலை ஒரு பட்டையாக உரித்து, ஒரு முனை நெற்றியிலேயே இருக்க, மறுமுனையைத் திருப்பிக் கண்ணுக்குக் கீழே தைப்பார்கள். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை சில வாரம் அந்தப் பட்டை முகத்தின் குறுக்கே பாலம் மாதிரி தொங்கும். பிறகு அதை வெட்டிவிட இன்னொரு ஆபரேஷன். டாக்டர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"நெத்தித் தோலைத் தொங்க விட்டுக்கிட்டு நான் ஊருக்குள்ள நடக்கணுமா? முடியாது. கட்டியோடவே இருந்துட்டுப் போறேன். இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தா உன் போனையே எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்னபடியே எடுக்கவும் இல்லை. அதுதான் சொன்னேனே, ஒரு கட்டத்துக்கு மேல் இறுகிவிடும் தோல் அவள். அந்த வாரக் கடைசியில் சண்டை போடுகிற முடிவோடு ஊருக்குப் போனேன். பையை வீட்டில் வைக்காமல் நேராக உப்பளத்துக்கே போய் வரப்பில் நின்று ஆரம்பித்தேன். அவள் உப்பை வாரிக்கொண்டே பதிலுக்குக் கத்தினாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அக்காவோடு கூடை சுமக்கும் ஒரு பெண்தான் சமாதானத்துக்கு வந்தார்.

"போதும் வுடுங்க, ரெண்டு பேரும். தங்கச்சி எவ்ளோ நாள் கழிச்சு வந்திருக்குது. எங்களையெல்லாம் ஒரு போட்டோ புடிம்மா."

நான் வேண்டாவெறுப்பாகப் போனைத் தூக்கினேன். அதுவரை ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் "இரு இரு இரு" என்று கத்தினார்கள். துண்டைச் சரிசெய்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், வரிசையாக நின்றார்கள். மோவாய் மேலே போனது. வாய் மூடியது. மூச்சு நின்றது. நாள் முழுக்க உப்பு வெளிச்சத்துக்குச் சுருக்கியே வைத்திருக்கும் கண்களை எல்லாரும் ஒரே நேரத்தில் அகல விரித்தார்கள்.

எங்கள் பக்கம் போட்டோ என்பது விளையாட்டு இல்லை. கண் மூடிவிட்டால் போட்டோ வீண். இதில் அக்காவின் பயம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது. அவளுடைய கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் அவள் கண் மூடியிருக்கும். "தூங்கும்போது கட்டிட்டான்டா!" என்று உறவுக்காரர்கள் வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து காமிரா என்றால் அவள் புருவத்தைத் தூக்கி, பல்லைக் கடித்து, முழித்தபடிதான் நிற்பாள். ஓட்டர் அட்டையிலும் ஆதாரிலும் அவளைப் பார்த்தால் போலீஸைப் பார்த்துப் பயந்தவள் மாதிரி இருக்கும்.

போனின் திரையில் அந்த முகத்தைப் பார்த்தேன். தூக்கிய புருவம், இறுகிய தாடை, சுருக்கமே இல்லாமல் விறைத்த கன்னம். இதே முகத்தை நான் இதற்கு முன் எங்கே பார்த்தேன்?

ஐயோ! கட்டம் கட்டமாக நான் அறுத்துத் தைத்த முகம் இதுதானே!

அவள் ஸ்கேனருக்குக் கொடுத்தது போட்டோ முகம். தோலில் இருந்த தளர்வையெல்லாம் அந்த விறைப்பிலேயே செலவழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். உறிஞ்சும் கருவி வைத்தபோதும் அதே விறைப்பு. ரெண்டு கருவியும் ஒத்துப் பேசுகின்றன என்று நான் மார்தட்டினேனே, ரெண்டும் அளந்தது அதே விறைத்த முகத்தைத்தான்! ஏற்கெனவே இழுத்துப் பிடித்த தோலை மேலும் இழுத்தால் சிவக்காமல் என்ன செய்யும்?

நான் குதித்த குதியில் வரப்பு வழுக்கி, ஒரு கால் முழங்கால்வரை பாத்திக்குள் போய்விட்டது. "போட்டோ மூஞ்சிக்கா! நீ குடுத்தது போட்டோ மூஞ்சி!" என்று உப்புத் தண்ணீரில் நின்றபடியே கத்தினேன்.

"இவளுக்குப் பைத்தியம் முத்திடுச்சு" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபோது கண்ணுக்குக் கீழே தோல் மடிப்பு மடிப்பாக விழுந்தது. எவ்வளவு தோல்! டாக்டரின் விரல் சொன்னது அந்தத் தோலைத்தான். நான் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். "நான் கை வச்சப்பவும் விறைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அப்பவே அவ்ளோ நகந்துச்சு" என்று சொல்லிவிட்டு, உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நெற்றியைத் தொட விடமாட்டேன் என்று நான் சத்தியம் செய்த பிறகு, இன்னும் ஒரே ஒரு தடவை வருவதாக அக்கா ஒத்துக்கொண்டாள்.

வந்தாள், உட்கார்ந்தாள். ஸ்கேனரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, புருவம் மேலே போய்விட்டது.

"சும்மா இருக்கா."

"சும்மாதான்டி இருக்கேன்!" என்றாள், முழி பிதுங்க.

பேச்சுக் கொடுத்துப் பார்த்தோம். வேறு பக்கம் பார்க்கச் சொன்னோம். எதற்கும் அவள் முகம் மசியவில்லை. "ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல இருப்பாங்க, அப்ப இந்த வம்பு இல்ல" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். எனக்குப் பொறி தட்டியது. விடியும் முன்பே எழுந்து பழகியவர்களுக்கு மதியச் சோறு உள்ளே போனால் கண் சொக்கும். அக்கா பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள். அவளை மருத்துவமனை கேன்டீனுக்கு அழைத்துப்போய் வயிறு முட்ட மீன் குழம்புச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஏ.சி. அறையில் கட்டிலைக் காட்டி, "ஆளு வர லேட்டாகுமாம். அதுவரைக்கும் சும்மா படுக்கா" என்று புளுகினேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டவள் உடனே குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திருடர்கள் மாதிரி உள்ளே போனோம். நல்ல வேளையாக அந்த ஸ்கேனரின் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. உறிஞ்சும் கருவியைக் கன்னத்தில் வைத்தபோது மட்டும் அக்கா தூக்கத்திலேயே ஈயை விரட்டுவது போல் கையை வீசினாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தோம். அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அதட்டாத, விறைக்காத, யாருக்காகவும் எதையும் தாங்கிக்கொள்ளாத முகம். இந்த முகத்துக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து கணக்கை ஓடவிட்டேன். கட்டியை அறுத்தேன். கன்னத்துத் தோலைத் திருப்பினேன். தைத்தேன். கட்டங்கள் ஒன்றையொன்று இழுத்து, தளர்ந்து, இடம் பிடித்து நின்றன. கண்ணுக்குக் கீழே வெளிர் மஞ்சள். சிவப்பே இல்லை! இமை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது! நான் கத்திய கத்தலில் அக்கா தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னா, போட்டோ எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா. கன்னத்துலேர்ந்தே எடுத்துக்கலாம்" என்றார் டாக்டர், அவள் தோளில் கை வைத்து.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. திரையில் வந்த கோட்டையே டாக்டர் பேனாவால் அக்காவின் கன்னத்தில் வரைந்துகொண்டார். கட்டி முழுதும் வந்துவிட்டது. ஆனால் கண் வீங்கி மூடியே கிடந்தது, மூடிக்கிடக்கிற கண் மூடுமா என்று எப்படிப் பார்ப்பது? வீக்கம் வடிந்த பிறகும் டாக்டர் உறுதி சொல்லவில்லை. தழும்பு இறுகும் காலம் இனிமேல்தான், அது இமையை இழுக்கிறதா என்று தை வரைக்கும் பார்க்க வேண்டும் என்றார். தழும்பு இறுகுவது என் புரோகிராமுக்குத் தெரியாது. அதை நான் இன்னும் எழுதவில்லை. அந்த மாதங்களில் எனக்கு இருந்த பதைப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. வெயில் ஆகாது என்று சொல்லியிருந்ததால் அக்கா மழைக்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்து, சொன்னபடி தழும்பைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். வீடியோ காலில் மட்டும் துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, "நேர்ல வந்து பாரு" என்று ஒரே பிடிவாதம்.

தை பிறந்ததும் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாசியில்தான் எனக்கு லீவு கிடைத்தது. நேராக உப்பளத்துக்கே ஓடினேன். புது உப்பு, நல்ல வெயில், கண் கூசியது. அக்கா கூடையை இறக்கிவிட்டு வரப்பில் நின்றாள். கன்னத்தில் மெல்லிய கோடு, சிரிக்கும்போது விழும் மடிப்போடு சேர்ந்து கிடந்தது.

"எங்க, போனை எடு" என்றாள்.

எடுத்தேன். வழக்கம்போல "இரு இரு" என்று துண்டைச் சரிசெய்துகொண்டாள். மோவாயைத் தூக்கினாள். முழியை விரித்தாள். ரெண்டு கண்ணும் ஒரே அளவில் முழித்தன. நான் பட்டனை அழுத்தப் போன நேரத்தில், காமிராவுக்கு நேராக, அடிக்கிற உப்புக் காற்றுக்கு நேராக, மெதுவாக ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"மூடுதா?"

வலது கண்ணைக் குனிந்து பார்த்தேன். மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு கீற்றுக்கூடத் தெரியவில்லை.

"மூடுதுக்கா" என்றேன்.

"அப்ப இப்படியே எடுடி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.